ஆவடி டாங்கி, அல்சூர் மேசை: முதல் டி-72 மாடல் செய்பவர்களுக்கு

என் பெரியப்பா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நான் முதலில் செய்து முடித்த பிளாஸ்டிக் டாங்கி மாடலைப் பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா ஒட்டியிருக்கே. ஆனா அழுக்கு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கே, இது எந்த ஊர்ல ஓடின வண்டி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்கப்புறம், ஒரு கறை எப்படி வந்தது என்று தெரியாமல் அதை நான் பூசுவதில்லை. இப்போது அக்கா மகன் என்னிடம் கற்றுக்கொள்கிறான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த கிட் (பாகங்கள் அடங்கிய பெட்டி)?

டி-72எம்1. சோவியத் வடிவமைப்பு, உரிமம் பெற்று ஆவடியில் 'அஜேயா' என்ற பெயரில் நம்மவர்கள் கட்டிய வண்டி. ஜப்பானிய மாடல் நிறுவனமான தமியாவின் 1/35 கிட் (நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு அளவு) புதியவர்களுக்கு ஏற்றது, பாகங்கள் அதிகம் முரண்டு பிடிக்காது. அது ஏன் 1/35? 1960களின் தொடக்கத்தில் தமியா மோட்டார் வைத்த பாந்தர் டாங்கியைச் செய்தபோது, உள்ளே பேட்டரி அடங்க வேண்டும் என்று அளவை வைத்தார்கள். கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 35-இல் ஒன்று வந்தது, அப்படியே நிலைத்துவிட்டது. இந்த அளவில் ஏழு மீட்டர் உடல் 20 சென்டிமீட்டர் ஆகும். 125 மில்லிமீட்டர் பீரங்கியின் வாய் மூன்றரை மில்லிமீட்டர்தான்.

கருவிகள்: ஒரு நிப்பர் (பாகங்களை வெட்டும் சின்னக் குறடு), கத்தி, சின்ன அரம், 400, 800, 1000 எண் உப்புத்தாள், மாடல் சிமென்ட். நிப்பரும் அரமும் எஸ்.பி. ரோடு கடைகளிலேயே கிடைக்கும். இரண்டு அடி செப்பு ஒயரும் வாங்கிவிடுங்கள், பின்னால் வேண்டும்.

வெட்டி ஒட்டுவது

பாகங்களை, அவை ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்தோடு சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சில் தடவிய எண்ணெய் மிச்சமிருந்தால் பெயின்ட் பிடிக்காது. பாகத்தை ஒட்டி வெட்டாமல் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, அரத்தால் தேயுங்கள்.

மாடல் சிமென்ட் சாதாரணப் பசை இல்லை. பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக உருக்கிவிடும். அதனால் முதலில் பசை இல்லாமல் பொருத்திப் பாருங்கள். சரியாக உட்கார்ந்தால், இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நீர்த்த சிமென்ட்டைத் தூரிகை நுனியால் விளிம்பில் ஒரு தொடு தொட்டால் போதும். தானே இடுக்குக்குள் ஓடிவிடும். விரல் மட்டும் அந்த இடுக்கில் படக்கூடாது. பட்டால் உங்கள் ரேகை டாங்கியின் நெற்றியில் பதிந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஃபெவிக்விக்கை உலோகம், மரம் ஒட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துக்கு ஆறு சக்கரங்கள். பசை இறுகும் முன் உடலைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, பன்னிரண்டும் தரையைத் தொடுகிறதா என்று குனிந்து பாருங்கள். ஒன்று அந்தரத்தில் நின்றாலும் நாற்பது டன் வண்டி என்ற எண்ணமே போய்விடும்.

பீரங்கிக் குழாய் இரண்டு பாதியாக வந்தால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உப்புத்தாளை நாடாவாக வெட்டி, ஷூ பாலிஷ் போடுவதுபோல் குழாயைச் சுற்றி இழுத்துத் தேயுங்கள். தட்டையாகத் தேய்த்தால் குழாயின் வட்டம் கெடும்.

இரண்டு சின்னச் சேர்க்கைகள்

இழுவைக் கம்பி: செப்பு ஒயரின் தோலை உரித்து, உள்ளே இருக்கும் மெல்லிய இழைகளை முறுக்குங்கள். கிட்டில் வரும் பிளாஸ்டிக் கம்பியைவிட இது நிஜமாக இருக்கும்.

மரக்கட்டை: டி-72-இன் பின்னால் ஒரு மரத்துண்டு கட்டியிருக்கும். சேற்றில் சிக்கினால் அதைச் செயினில் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையில்) மாட்டுவார்கள், வண்டி அதன் மேல் ஏறி வெளியே வரும். பிளாஸ்டிக் கட்டையை ஒதுக்கிவிட்டு, தொட்டியில் காய்ந்துபோன துளசிச் செடியின் தண்டில் ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள துண்டாகப் பார்த்து வெட்டி வையுங்கள். அதன் சாம்பல் நிறப் பட்டையும் நுண்ணிய வெடிப்புகளும் இந்த அளவுக்கென்றே செய்தது போல் இருக்கும். "மாமா, பாட்டி திட்டுவாங்க" என்றான் மருமகன். "காய்ஞ்சதுதான்டா, கேட்டுட்டுதான் எடுத்தேன்" என்றேன்.

வண்ணம்

சாம்பல் நிற ஸ்ப்ரே பிரைமரை 20 சென்டிமீட்டர் தள்ளி நின்று, மெல்லிசாக இரண்டு முறை அடியுங்கள், முகக்கவசத்தோடு. பெங்களூரு மழைக்கால மாலையில் மட்டும் வேண்டாம். நான் அப்படி ஒருமுறை மொட்டை மாடியில் அடித்துவிட்டு, காலையில் பார்த்தால் டாங்கி முழுக்க வெள்ளை பூத்திருந்தது. அன்று காற்றில் அவ்வளவு ஈரம். வெயில் காய்ந்த முற்பகல்தான் நல்ல நேரம்.

அப்புறம் பச்சை அக்ரிலிக். கையால் பூசினாலும் நன்றாகவே வரும், நீர்த்துக் கலந்து மூன்று முறை பூசுங்கள். அதன் மேல் மணல் நிறப் பட்டைகள். நிஜ வண்ணத்தைவிட ஒரு பிடி வெளிறலாகக் கலந்துகொள்ளுங்கள். சிறிய பொருளில் அடர் நிறம் இன்னும் கறுத்துத் தெரியும். சக்கரத்தின் ரப்பர் விளிம்புக்கு முழுக் கறுப்பு வேண்டாம், கரும் சாம்பல் போதும்.

அழுக்கு

பளபள வார்னிஷ் ஒரு பூச்சு. டெக்கால்களை (எண், சின்னம் அச்சிட்ட ஒட்டுப்படங்களை) ஒட்டி, அதன் மேல் இன்னொரு பூச்சு. நன்றாகக் காய்ந்ததும், கேம்லின் பர்ன்ட் அம்பர் ஆயில் கலரை மணமில்லாத தின்னரில் டீ டிகாஷன் பதத்துக்குக் கரையுங்கள். தூரிகை நுனியால், வீரர்கள் ஏறி இறங்கும் ஒரு மூடியின் விளிம்பைத் தொட்டால், கரும்பழுப்புக் கோடு தானாகச் சுற்றி வரும். அதைப் பார்ப்பதற்காகவே நான் இந்த வேலையைச் செய்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். வெளியே வழிந்ததைத் தின்னரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, மங்கல் வார்னிஷ் அடியுங்கள்.

இப்போது பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம். டி-72-இன் புகைபோக்கி இடது பக்கம், செயினுக்கு மேலே பின்புறமாக இருக்கிறது. ஆகவே கரி அங்கேதான். வலது பக்கம் கரி பூசினால் தவறு. பெயின்ட் உரிந்த இடங்கள் வீரர்கள் ஏறும் வழியிலும் மூடி விளிம்பிலும் இருக்கும், வேறெங்கும் கண்டபடி வைக்காதீர்கள். ஒரு மில்லிமீட்டர் உரிசல் என்றால் நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர் என்பதை மறக்க வேண்டாம். செயின் தரையில் உரசும் மேடுகளில் 6பி பென்சிலைத் தேயுங்கள், இரும்பு மினுக்கும்.

புழுதிக்கு வீட்டு வாசல் மண்ணை எடுக்கத் தோன்றும். மருமகனும் அதைத்தான் அள்ளி வந்தான். நாங்கள் செய்தது ராஜஸ்தானில் ஓடும் வண்டி, நம் பெங்களூரு செம்மண் அதற்குப் பொருந்தாது. மண் துகளும் பெரியது, மாடலில் கூழாங்கல்லாகத் தெரியும். வெளிர்மஞ்சள், வெளிர்பழுப்பு சாஃப்ட் பாஸ்டல்களை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கிக் கலந்துகொள்ளுங்கள். சக்கரங்களிலும் அடிப்பகுதியிலும் தாராளமாக, மேலே போகப் போகக் குறைவாக. பின்புறம் அதிகம், ஏனென்றால் செயின் கிளப்பும் புழுதி அங்கேதான் வந்து படியும். வீரர்கள் உட்காரும் இடம் துடைத்தது போலச் சுத்தமாக இருக்கட்டும்.

கடைசியாக ஆன்டெனா. முன்பே வைத்தால் கை பட்டு ஒடியும். மிச்சமிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, தொடாமல், மெல்லத் திருப்புங்கள். நடுவில் பளபளத்து இளகியதும் சுடரிலிருந்து விலக்கி, இரண்டு கைகளாலும் ஒரே சீராக இழுங்கள். தலைமுடி போல நீளும். பத்து எண்ணும் வரை அப்படியே பிடித்திருந்து, வேண்டிய நீளத்துக்கு வெட்டி ஒட்டுங்கள்.