செக் நாட்டுக்குப் புதிதாக வருகிறீர்களா? பீரைப் பற்றி யாரும் சொல்லித் தராத ஒன்று

பதிவு, காப்பீடு, வங்கிக் கணக்கு, டிராம் பாஸ் எல்லாம் கம்பெனிக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். ஊர் லைசென்ஸை இங்கத்திய லைசென்ஸாக மாற்றும் வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நான் எழுத உட்கார்ந்தது பீரைப் பற்றி. போன குளிர்காலத்தில் என் நண்பர் ஒருவர் அதனால் பல மாதம் வண்டி ஓட்ட முடியாமல் போனார். அவரை முதன்முதலில் புர்னோவில் ஒரு ஹொஸ்போதாவுக்குக் கூட்டிப் போனது நான்தான்.

ஹொஸ்போதா என்றால் இங்கத்திய பீர்க்கடை. நம் ஊர் பார் மாதிரி இருட்டாக, தலையைக் குனிந்துகொண்டு நுழையும் இடமாக இருக்காது. தாத்தா பாட்டி, குழந்தைகள், நாய் எல்லாம் இருக்கும். உட்கார்ந்ததும் சர்வர் ஒரு துண்டுச் சீட்டை மேசையில் வைத்துவிட்டு, ஒவ்வொரு பீருக்கும் அதில் ஒரு கோடு போடுவார். கடைசியில் அந்தக் கோடுகளை எண்ணித்தான் கணக்கு. சீட்டைத் தொலைக்காதீர்கள், அதில் கிறுக்காதீர்கள்.

பட்டியலில் 10, 12 என்று போட்டிருப்பது ஆல்கஹால் சதவீதம் இல்லை. புளிக்க வைக்கும் முன் மால்ட் சாறு எவ்வளவு கெட்டி என்கிற அளவு அது. 10 என்றால் ஆல்கஹால் சுமார் 4 சதவீதம், 12 என்றால் சுமார் 5. 1842-இல் பில்சன் நகரில் பிறந்த பொன்னிற பீர் 12 வகை. நுரையைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்கவேண்டாம். மூன்று விரல் உயரத்துக்கு, ஈரமாக, க்ரீம் போல நிற்கும் அந்த நுரைதான் பீரைக் காற்றுப் படாமல் காக்கிறது. அதை ஒழுங்காக ஊற்றக் கற்றவருக்கு இங்கே தனி மரியாதை உண்டு. நுரை வேண்டாம் என்று சொன்னால் அவர் மனசு கஷ்டப்படும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் கிளாஸ் காலியானால் நாம் கூப்பிட வேண்டும். இங்கே காலி கிளாஸ் என்றாலே “இன்னொன்று கொண்டு வா” என்று அர்த்தம். பழைய கடைகளில் கேட்காமலே கொண்டு வந்து வைத்துக் கோடு போட்டுவிடுவார்கள். கேட்டாலும் நம்மவருக்கு ஆபத்துதான். நண்பர் ஆங்கிலத்தில் “நோ, நோ” என்றார். செக் மொழிப் பேச்சில் “நோ” என்றால் “ஆமா, சரி” என்று பொருள்! கூடவே நம் தலையாட்டல் வேறு. அரை லிட்டர் கிளாஸ் மறுபடி வந்தது. வந்ததை வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, குடித்தார். ஆறு மணிக்கு உட்கார்ந்தோம். பதினொரு மணிக்கு அவர் சீட்டில் ஆறு கோடு.

டிராமில்தான் வீட்டுக்குப் போனார். நன்றாகத் தூங்கினார். காலையில் குளித்து, இட்லி சாப்பிட்டு, ஏழரை மணிக்கு வண்டியை எடுத்தார். ஊருக்கு வெளியே தொழிற்சாலைக்குத் திரும்பும் சாலையில் போலீஸ் எல்லா வண்டியையும் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். தலைவலிகூட இல்லை என்று அவர் இன்றும் சொல்கிறார். மீட்டரில் எண் வந்தது. செக் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு பூஜ்யம். அபராதம், ஓட்டத் தடை. காலை ஷிஃப்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போக, பனியில் நாலேமுக்காலுக்கே கிளம்பினார்.

இந்தக் கணக்கை அவருக்கு முதல் நாளே நான் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். 12 வகை அரை லிட்டரில் ஏறக்குறைய 20 கிராம் ஆல்கஹால். உடம்பு மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். ஆறு கிளாஸுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல், சிலருக்குப் பதினேழு மணி நேரம்கூட ஆகும். காபி, மோர், குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது.

அதனால் போதும் என்றால் கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டையை எடுத்து கிளாஸின் மேல் வையுங்கள். எந்தக் கடையிலும் புரியும். வாயால் சொல்வதென்றால் “நெ, தியெகுயி”. பணம் கொடுக்க “ஸப்ளத்தீம்”. மறுநாள் காலை வண்டி எடுக்க வேண்டுமென்றால் “நேஅல்கோ” கேளுங்கள். ஆல்கஹால் இல்லாத பீர், பல கடைகளில் குழாயிலேயே வரும், ருசியும் நன்றாக இருக்கும்.

நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியா பக்கம் யாராவது வீட்டுக்கு அழைத்தால், வீட்டிலேயே வைத்திருக்கும் ஸ்லிவோவித்ஸேயைச் சின்னக் கிளாஸில் ஊற்றுவார்கள். பிளம் பழத்தில் வடித்த சாராயம், பெரும்பாலும் 50 சதவீதம். கண்ணைப் பார்த்து “நா ஸ்த்ராவி” சொல்லி ஒன்று குடித்தால் மரியாதை முடிந்தது. ஆனால் பெயர் தெரியாத பாட்டிலை மலிவு விலைக்கு யார் விற்றாலும் வாங்காதீர்கள். 2012-இல் இங்கே மெத்தனால் கலந்த சாராயத்தால் பலர் இறந்தார்கள், சில நாள் நாடு முழுக்க வீரியமான மதுவின் விற்பனையையே நிறுத்தினார்கள். கள்ளக்குறிச்சியைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை புர்ச்சாக் கிடைக்கும். பாதி புளித்த திராட்சைச் சாறு, கலங்கலாக, இனிப்பாக, நாக்கில் சுறுசுறுவென்று இருக்கும். முதல் வாய் குடித்தபோது எனக்கு அப்பா பனங்காட்டிலிருந்து கொண்டுவரும் சொம்பின் வாசனை வந்தது. பாட்டிலுக்குள் அது இன்னும் பொங்கிக்கொண்டே இருக்கும். மூடியை இறுக்காமல் நேராக நிறுத்தி வையுங்கள், பையில் படுக்க வைத்தால் துணியெல்லாம் போச்சு.

நண்பருக்குத் தடை முடிந்துவிட்டது. செப்டம்பரில் திராட்சை அறுவடைத் திருவிழாவுக்கு இரண்டு பேரும் மிகுலோவ் போகிறோம். ரயில் டிக்கெட்டை அவரே எடுத்துவிட்டார்.