வீடு விக்கும்போது பழைய கரையான் கதை – என் அனுபவம்
மதுரைல அப்பா வீட்டை விக்க போட்டதுல மூணு பார்ட்டி வந்து விலை பேசிட்டு அப்புறம் போனே எடுக்கல. ஒரு லட்சம் குறைச்சேன், பெயிண்ட் அடிச்சேன், ஒண்ணும் நடக்கல. அப்புறம் ஒருத்தர் கூட்டிட்டு வந்த கொத்தனார்தான் பாத்தார், சுவரோரமா தரையில அடிக்கு ஒண்ணா வெள்ளை சிமெண்ட் பொட்டு, "இது கரையான் மருந்து ஏத்துன ஓட்டைதானே"ன்னு கேட்டுட்டார். 2019ல கதவு நிலைய கரையான் அரிச்சப்ப ட்ரில் போட்டு மருந்து விட்டது, எனக்கே மறந்துபோச்சு! புரோக்கர் வேற "வாயத் திறக்காதீங்க சார்"ங்கிறாரு. வக்கீல்ட்ட கேட்டா சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, 55வது பிரிவுப்படி, வெளிய தெரியாத குறை நமக்கு தெரிஞ்சிருந்தா வாங்குறவர்கிட்ட சொல்லியே ஆகணுமாம். பழைய பில்லைத் தேடி எடுத்து, எந்த ரூம், எப்ப அடிச்சதுன்னு எழுதி அக்ரிமெண்ட்லயே சேர்த்தேன். அடுத்த பார்ட்டி நிலைய ஸ்க்ரூட்ரைவரால குத்திப் பாத்துட்டு அதே வாரம் அட்வான்ஸ் குடுத்துட்டாங்க, அப்பாடா.