ஊருக்குப் போறீங்களோ? எந்தக் கடிக்கு எந்தக் கிறீம் எண்டு தெரிஞ்சுகொண்டு போங்கோ

ஆகஸ்டில யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்குப் போற ஆக்களுக்குத்தான் இதை முக்கியமா எழுதுறன், ஏனெண்டா வேர்வையில ஊறின வேட்டியோட நாள் முழுக்க நிண்டா மூண்டாம் நாலாம் நாள் கவட்டுக்குள்ள கடி, அதாவது அரிப்பு, தொடங்கும், சும்மா வெக்கை எண்டு விட்டா வட்டம் வட்டமாப் படரும். அதுதான் படர்தாமரை, பங்கஸ்.

எனக்குப் போன முறை இதுதான் நடந்தது. சித்தி பிரிட்ஜ் கதவில இருந்து, பற்பசை மாதிரி வால்பக்கம் சுருட்டின ஒரு டியூப்பை எடுத்துத் தந்தா, "பூசு தம்பி, எல்லாத்துக்கும் கேக்கும்" எண்டு. ரெண்டு நாளில கடி நிண்டுட்டுது, சிவப்பும் போட்டுது, எனக்கெண்டாப் பெரிய புழுகம். லண்டன் திரும்பி ஒரு கிழமையில ரெண்டு மடங்கா வந்துது. பேந்துதான் டியூப்பில இருந்த சின்ன எழுத்தை வாசிச்சன், குளோபெட்டசோல், பூசுற ஸ்டீரொய்டுகளுக்குள்ள ஆகக் கடுமையான வகை. அது கடியை அமத்தும், பங்கஸைக் கொல்லாது, தோலின்ர எதிர்ப்பையும் படுக்க வச்சிடும்.

படர்தாமரைக்கு பங்கஸைக் கொல்லுற கிறீம்தான், குளோட்ரிமசோல் 1%, இல்லாட்டி டெர்பினபின், வேற மருந்து கலக்காமத் தனிய. ஸ்டீரொய்டும் அன்டிபயோட்டிக்கும் சேர்ந்த மூண்டு-இன்-ஒண்டு டியூப்பைப் பாமசியில நீட்டினா வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. கடி நிண்டாலும் மேல ஒண்டு ரெண்டு கிழமை பூசோணும், உதிலதான் எல்லாரும் பிழை விடுறது.

நுளம்பு கடிச்ச தடிப்புக்கு ஹைட்ரோகோட்டிசோன் 1% (இதுவும் ஸ்டீரொய்டுதான், ஆனா மெல்லிசு) ஒரு சில நாள் காணும், முகத்தில வேண்டாம், இரவில சொறிஞ்சா செட்டிரிசின் எண்ட அலர்ஜிக் குளிசை. வேர்க்குருவுக்கு கலமைன் லோசனும் பச்சைத்தண்ணிக் குளிப்பும்.

தொத்துற சிரங்கு (ஸ்கேபிஸ்) எண்டா பேர்மெத்ரின் 5% கிறீம், கழுத்துக்குக் கீழ ஒரு இடம் விடாமப் பூசிப் படுத்து காலமை கழுவோணும், 7 நாளால திரும்பவும், வீட்டில எல்லாரும் ஒரே நாளில. தங்கின வீட்டுக்காரருக்கு இதைச் சொல்லுறதுதான் மருந்தை விடக் கஸ்டம்.

எக்ஸிமா உள்ள ஆக்கள் இங்க குளிருக்குப் பூசுற தடிச்ச ஒயின்மென்டை அங்க பூசினா வேர்வை அடைபட்டு இன்னும் கடிக்கும், மெல்லிசான கிறீமாக் கொண்டு போங்கோ. பருவுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை எடுக்கிற பிள்ளையளை காரைநகர் கசூரினா பீச்சில மத்தியான வெயிலுக்கு விடாதேங்கோ, தோல் வெந்துபோம். சொரியாசிசுக்கு ஊசி போடுற ஆக்கள் அதைக் கைப்பையில குளிராக் கொண்டு போய், 2 முதல் 8 பாகைக்குள்ள பிரிட்ஜில வையுங்கோ, ஆனா சித்தியின்ர டியூப் இருந்த கதவுத்தட்டில இல்லை, திறக்கத் திறக்க அங்க சூடு ஏறும், நடுத்தட்டில.