மார்பக ஆபரேஷனுக்கு அப்புறம் கை வீங்குதா? வீட்லயே செய்யவேண்டியது இதுதான்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு மோதிரம் கழட்ட வராம போச்சு, வெயிட் போட்டுட்டாங்கன்னு நாங்க கண்டுக்கவே இல்ல, அது லிம்பெடிமா, அதாவது நிணநீர் தேங்கி வர்ற வீக்கம்னு தெரிய ரெண்டு மாசம் ஆச்சு. அக்குள்ல நிணநீர் முடிச்சுகளை எடுத்தாலோ அங்க ரேடியேஷன் குடுத்தாலோ நிணநீர் (திசுக்கள்ல இருந்து வடியுற தெளிஞ்ச நீர்) போற வழி கெட்டுப்போகுது, அது கையிலேயே தேங்கிடுது. ஆபரேஷன் முடிஞ்சு பல வருஷம் கழிச்சு கூட வரலாம். முழுசா போகாது, ஆனா ஆரம்பத்துலயே பிடிச்சா கட்டுக்குள்ள வெச்சுக்கலாம்.

முதல்ல அளவு எடுங்க. மணிக்கட்டுல இருந்து மேல 10 செ.மீ.க்கு ஒரு பேனா புள்ளி வெச்சு, ஒவ்வொரு புள்ளியிலயும் டேப்பை சுத்தி, ரெண்டு கையையும் அளந்து நோட்ல எழுதுங்க. டேப் தோலை தொட்டுட்டு நிக்கணும், இறுக்கக்கூடாது. வாரம் ஒருதடவை, அதே நேரத்துல, ஏன்னா சாயங்காலம் வீக்கம் கூடுதலா இருக்கும். முன்ன இருந்ததை விட 2 செ.மீ. ஏறினா டாக்டர்கிட்ட போங்க, கனமா இருக்குன்னு தோணினா அளவு ஏறுற வரைக்கும் கூட காத்திருக்காதீங்க. கட்டைவிரலால 10 செகண்ட் அமுக்கி எடுங்க, குழி அப்படியே நின்னா நீர் தேங்கியிருக்கு.

அடுத்து தோல். ராத்திரி மாய்ஸ்சரைசர் தடவுங்க, பாத்திரம் தேய்க்க, செடி வேலைக்கு கிளவுஸ் போடுங்க, சின்ன கீறல்னாலும் சோப்பு போட்டு கழுவி மருந்து வைங்க.

கம்ப்ரெஷன் ஸ்லீவ், அதாவது கைய இறுக்கிப் பிடிக்கிற எலாஸ்டிக் உறை, அளவெடுத்து வாங்கணும், அடுத்தவங்களோடதை போடவே போடாதீங்க. காலைல எழுந்ததும், வீக்கம் குறைவா இருக்கும்போதே, ரப்பர் கிளவுஸ் போட்ட கையால கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்துங்க, இழுக்காதீங்க. சுருக்கம் இருந்தா தடவி விடுங்க. மேல் ஓரத்தை மடிச்சு விட்டா அந்த இடம் கயிறு கட்டின மாதிரி இறுகி வீக்கம் இன்னும் ஏறும், அம்மா முதல்ல அப்படித்தான் பண்ணினாங்க. விரல் மரத்தாலோ நீலமானாலோ உடனே கழட்டுங்க.

ஸ்லீவ் போட்டுட்டே கைய மூடி மூடி திறக்குறது, முழங்கைய மடக்கி நீட்டுறது, தோள சுத்துறது, ஒவ்வொண்ணும் 10 தடவை, நடுவுல ஆழமா மூச்சு. மசாஜ் மட்டும் தெரபிஸ்ட்கிட்ட கத்துக்கிட்டு பண்ணுங்க, தோல் மட்டும் நகர்ற அளவு லேசா, அழுத்தி பிடிச்சுவிடுற மசாஜ் இது இல்ல. நீர் மாத்திரை இந்த வீக்கத்துக்கு வைத்தியம் இல்ல, நீங்களா வாங்கி போடாதீங்க.

கை சிவந்து, சூடா, காய்ச்சலோட இருந்தா மசாஜை நிறுத்திட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க, அது இன்ஃபெக்‌ஷன், ஆன்டிபயாடிக் வேணும். திடீர்னு வலியோட வீங்கினா ரத்தக்கட்டியா கூட இருக்கலாம், அதுக்கும் காத்திருக்காதீங்க.