ஸ்மித் என்றால் கொல்லன்: இங்கிலாந்துக்குப் புதிதாக வருபவர்களுக்குக் குடும்பப்பெயர் பற்றி

இங்கிலாந்தில் இறங்கிய முதல் வாரத்தில் பத்து இடங்களிலாவது உங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "உங்கள் சர்நேம் என்ன?" சர்நேம் என்றால் குடும்பப்பெயர். வங்கியில் கேட்பார்கள். வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் முகவர் கேட்பார். ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரின் கிளினிக் வரவேற்பு மேசையில் கேட்பார்கள். ஊரில் இனிஷியலும் பெயருமாகவே வாழ்ந்த நமக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். வரிசையில் நிற்கும்போது தோன்றியதை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். நானும் அப்படித்தான் எழுதினேன். நீங்கள் அப்படி அவசரப்பட வேண்டாம்.

லீட்ஸ் நகருக்கு வந்த புதிதில், காய்ச்சலோடு ஒரு கிளினிக்கில் காத்திருந்தேன். "மிஸ்டர் முத்துசாமி" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். நான் சட்டென்று வாசற்கதவைத் திரும்பிப் பார்த்தேன். முத்துசாமி என் அப்பா. கும்பகோணத்தைத் தாண்டி அதிகம் போகாதவர். அப்போது அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்றாம் முறை கூப்பிட்டபோதுதான், இந்த நாட்டில் முத்துசாமி நான்தான் என்பது உறைத்தது.

அதற்குப் பிறகுதான் இந்த ஊர்க்காரர்களின் பெயர்களை ஊன்றிக் கவனிக்க ஆரம்பித்தேன். அவர்களுக்குக் குடும்பப்பெயர் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், படிவத்தில் உள்ள அந்தக் கட்டம் நம்மிடம் என்ன கேட்கிறது என்பது தெளிவாகப் புரியும். அதனால் முதலில் ஸ்மித் என்ற ஒரே பெயரை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் வேலை செய்யும் இடத்திலோ உங்கள் தெருவிலோ அநேகமாக ஒரு ஸ்மித் இருப்பார்.

ஊருக்கு ஒரு கொல்லன்

பழைய ஆங்கிலத்தில் 'ஸ்மித்' என்பது உலோகத்தில் வேலை செய்பவரைக் குறிக்கும் சொல். நம் வழக்கில் சொன்னால் கொல்லன். 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பு, சாதாரண மனிதருக்கு ஒரு பெயர்தான் இருந்தது. அதன் பிறகு பழைய ஆங்கிலப் பெயர்கள் மெல்ல வழக்கொழிந்தன. ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெயர்களையே எல்லாரும் வைத்துக்கொண்டார்கள். ஒரே கிராமத்தில் பத்து ஜான்கள் இருந்தால் என்ன செய்வது? ஓடைக்கரை ஜான், செம்பட்டை முடி ஜான், ராபர்ட்டின் மகன் ஜான், கொல்லன் ஜான் என்று அக்கம்பக்கத்தார் பிரித்துச் சொன்னார்கள். இன்றைய புரூக்ஸ், ரஸ்ஸல், ராபின்சன், ஸ்மித் எல்லாம் இந்த வழியில் வந்தவையே.

இது நமக்குப் புதிதல்ல. தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற சங்கப் புலவர்களின் பெயர்களைப் பாருங்கள்: ஊர், தொழில், பிறகு இயற்பெயர். ஆனால் நம்மிடம் அந்த அடைமொழி அந்த ஆளோடு நின்றது. இங்கிலாந்தில் அது மகனுக்கும் பேரனுக்கும் இறங்கியது. கொல்லன் ஜானின் மகன் தையற்காரன் ஆனபோதும் அவன் ஸ்மித்தாகவே இருந்தான்.

ஏன் இறங்கியது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். நிலமுள்ள குடும்பங்கள் வாரிசுரிமையைக் காட்டப் பெயரைத் தொடர்ந்து வைத்துக்கொண்டன. மற்றவர்களின் பெயர் உறைந்துபோனதில் எழுத்தர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1377இல் பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களிடமிருந்து தலைக்கு நான்கு பென்ஸ் வரி வசூலித்தார்கள். 1379இலும் 1381இலும் மீண்டும் தலைவரி வந்தது. யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று பட்டியல் போட நிலையான பெயர் வேண்டியிருந்தது. ஏறத்தாழ 1400க்குள் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களுக்குப் பரம்பரைப் பெயர் வந்துவிட்டது. 1538 முதல் தேவாலயங்களில் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற ஆணை வந்தபின், பெயர் இன்னும் இறுகியது. அன்று எழுத்தர் மை தொட்டு எழுதியதையே இன்றும் சந்ததிகள் சுமக்கிறார்கள். உங்கள் முதல் வாரப் படிவமும் அப்படிப்பட்ட ஒரு பட்டியல்தான்.

ஊருக்கு ஒரே ஒரு கொல்லன் இருந்திருப்பார். பிறகு எப்படி இந்தப் பெயர் இவ்வளவு பெருகியது? ஒருவர்தான் இருந்தார் என்பதே காரணம். உழவர்கள் ஊர் முழுக்க இருந்ததால் 'உழுகிற ஜான்' என்றால் யார் என்று தெரியாது. கொல்லன் என்றால் ஒரே ஆள். அப்படிப்பட்ட ஒரே ஆள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் இருந்தார். ஒரு மூதாதையிடமிருந்து கிளைத்த பெயர் அல்ல இது. ஆயிரம் பட்டறைகளில் தனித்தனியாகப் பிறந்த பெயர். இரண்டு ஸ்மித்களைப் பார்த்து "நீங்கள் உறவினர்களா?" என்று கேட்டால் சிரிப்பார்கள்.

1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிரிட்டனில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மித்கள் இருந்தார்கள். நூறு பேருக்கு ஒருவருக்கும் மேல். இன்றும் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் முதலிடம் இந்தப் பெயருக்குத்தான். அமெரிக்காவில் 2010 கணக்கெடுப்பின்படி 24 இலட்சத்துக்கும் அதிகமானோர், அங்கும் முதலிடம். குடியேறியவர்கள் கொண்டுபோனது ஒரு பங்கு. அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததியினர் பலரும் இந்தப் பெயரைத் தாங்குகிறார்கள். ஆகவே ஸ்மித் என்ற பெயரைப் படித்துவிட்டு ஆளின் நிறத்தையோ பூர்வீகத்தையோ ஊகிக்காதீர்கள்.

அயர்லாந்துக் கதை இன்னும் கசப்பானது. 1465இல் ஆங்கில அரசு ஒரு சட்டம் போட்டது. டப்ளின், மீத், லவுத், கில்டேர் பகுதிகளில் ஆங்கிலேயரிடையே வாழும் ஐரிஷ்காரர்கள் ஆங்கிலக் குடும்பப்பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும்: ஓர் ஊரின் பெயரோ, நிறத்தின் பெயரோ, தொழிலின் பெயரோ. தொழிலுக்கு அந்தச் சட்டமே தந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று ஸ்மித். ஐரிஷ் மொழியில் 'கொல்லன் மகன்' என்று பொருள்படும் மெக்கவன் குடும்பங்களில் பல, பிற்காலத்தில் மொழிபெயர்த்து ஸ்மித் ஆயின. முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் ஜெர்மன் பெயரோடு வாழ்வது கடினமானபோது, ஷ்மிட்கள் ஸ்மித் ஆனார்கள். அரச குடும்பமே 1917 ஜூலையில் ஜெர்மன் பெயரை விட்டு வின்ட்சர் என்று மாற்றிக்கொண்டது. பெயரை மாற்றும் நெருக்கடி வெளியிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உங்களோடு வேலை செய்யும் மற்ற நாட்டவரிடமும் இதே கொல்லன் இருப்பார்: ஜெர்மானியரிடம் ஷ்மிட், போலந்துக்காரரிடம் கோவால்ஸ்கி, ஹங்கேரியரிடம் கோவாச், ரஷ்யரிடம் குஸ்னெட்சோவ், அரபு மொழியினரிடம் ஹத்தாத், இத்தாலியரிடம் ஃபெராரி. புதிய இடத்தில் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஒரே ஓடையில் பிறந்த பெயர்

எல்லாப் பெயரும் ஸ்மித் போலப் பரவிக் கிடப்பதில்லை. நான் வாழும் யார்க்ஷயரில் சைக்ஸ் என்ற பெயரை அடிக்கடி கேட்பீர்கள். சிற்றோடை அல்லது எல்லை வாய்க்கால் என்பது பொருள். ஹடர்ஸ்ஃபீல்டைச் சுற்றிய மலைச்சரிவுகளில்தான் இந்தப் பெயர் செறிந்து கிடக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் மரபணு அறிஞர் பிரையன் சைக்ஸ், தன் பெயரைத் தாங்கிய 48 ஆண்களின் மரபணுவை ஆராய்ந்து 2000இல் முடிவை வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப்பேரிடம் தந்தைவழி வரும் ஒரே அடையாளம் இருந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதையை அது சுட்டியது. ஸ்மித்களிடம் கேட்கக்கூடாத "உறவினர்களா?" என்ற கேள்வியைச் சைக்ஸ்களிடம் தாராளமாகக் கேட்கலாம்.

தொழில் ஒன்றே ஆனாலும் வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர் மாறும். நெய்த கம்பளியை நீரில் மிதித்துக் கெட்டிப்படுத்துபவர் வடக்கே வாக்கர், தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர். மூன்றும் ஒரே வேலை. லங்காஷயர் பக்கம் ராம்ஸ்பாட்டம் போன்ற பெயர்களைக் கேட்டுச் சிரித்துவிடாதீர்கள். அங்கே 'பாட்டம்' என்றால் பள்ளத்தாக்கு. எழுத்தைப் பார்த்துப் படிக்கவும் முயலாதீர்கள். சோல்மான்டலி என்று எழுத்துக்கூட்டத் தோன்றும் பெயரைச் சம்லி என்பார்கள். எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்பது இங்கே மரியாதைக் குறைவு அல்ல. நம் பெயரையும் அவர்கள் அப்படிக் கேட்கட்டும்.

அழைக்கும் முறை எளிது. மிஸ்டர், மிஸஸ், மிஸ், டாக்டர் எல்லாம் குடும்பப்பெயரோடுதான் வரும். 'மிஸ்டர் ஜான்' என்று சொல்வதில்லை. அலுவலகத்தில் மேலாளரையும் முதற்பெயரால் கூப்பிடுவார்கள். நாக்கு கூசும், பழகிவிடும்.

இனி உங்கள் கட்டம்

நம்மிடம் குடும்பப்பெயர் இல்லை என்று யாரிடமும் கூனிக்குறுக வேண்டாம். இதே தீவில் வேல்ஸ் மக்கள் பதினாறாம் நூற்றாண்டிலும் தந்தை பெயரைத்தான் சேர்த்துக்கொண்டார்கள். 'ஆப்' என்றால் மகன். ஆப் ஹவெல் பிறகு பவல் ஆனது, ஆப் ரீஸ் பிரைஸ் ஆனது, ஆப் ரிச்சர்ட் பிரிச்சர்ட் ஆனது. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று மலேசியத் தமிழர் எழுதும் அ/லெ, அ/பெ போன்றதுதான் இது. ஜோன்ஸ் என்பதுகூட 'ஜானுடைய' என்ற பொருளில் வந்த தந்தை பெயர்தான்.

கட்டத்தை நிரப்பவென்றே சாதிப் பட்டத்தைத் தேடி எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு அந்தப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. நம் முந்தைய தலைமுறை மனமுவந்து உதறியதை இங்கே ஒரு படிவத்துக்காகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா? ஸ்மித் என்ற பெயரில் இன்று தொழிலும் இல்லை, மேல் கீழும் இல்லை. பட்டத்தின் கதை அப்படி அல்ல.

பாஸ்போர்ட்டில் சர்நேம் வரியில் என்ன இருக்கிறதோ, அதை ஓர் எழுத்தும் பிசகாமல் எல்லா இடத்திலும் எழுதுங்கள். வங்கி, வேலைக்குத் தேவைப்படும் நேஷனல் இன்சூரன்ஸ் எண், ஜி.பி. பதிவு, உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரி, வாக்காளர் பட்டியல் அனைத்திலும் அதே பெயர், அதே வரிசை. (இந்தியா, இலங்கை உள்ளிட்ட காமன்வெல்த் நாட்டவர்கள் இங்கே முறையான அனுமதியோடு வசித்தால் வாக்களிக்கலாம், பலருக்கு இது தெரிவதில்லை.) ஓரிடத்தில் இனிஷியலும் மற்றோரிடத்தில் முழுப்பெயரும் எழுதினால் நீங்கள் இரண்டு ஆட்களாகிவிடுவீர்கள். இன்னும் ஊரிலிருந்து கிளம்பவில்லை, பாஸ்போர்ட்டில் அந்த வரி காலியாக இருக்கிறது என்றால், புறப்படும் முன்பே சரிசெய்துகொள்ளுங்கள். இங்கே வந்த பிறகு டீட் போல் என்ற உறுதிமொழிப் பத்திரத்தால் பெயரை மாற்றலாம். பதினாறு வயது நிரம்பிய எவரும் செய்யலாம். ஆனால் பின்னாளில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கேட்கும்போது, மற்ற நாட்டு ஆவணத்திலும் அதே பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

திருமணமான பெண்கள் கணவர் பெயருக்கு மாற வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அது வெறும் வழக்கம்.

குழந்தை பிறந்தால் 42 நாட்களுக்குள் பதிவாளரிடம் பதிய வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குழந்தைக்கு எந்தக் குடும்பப்பெயரும் வைக்கலாம். ஊர் வழக்கப்படி அப்பாவின் இயற்பெயரையே குழந்தைக்குச் சர்நேமாக வைத்தால், அப்பா, அம்மா, குழந்தை மூவருக்கும் மூன்று சர்நேம் அமையக்கூடும். தவறில்லை. ஆனால் அம்மா மட்டும் குழந்தையோடு பயணம் செய்து திரும்பும்போது எல்லையில் உறவு என்ன என்று கேட்கக்கூடும். பிறப்புச் சான்றிதழைக் கைப்பையில் வைத்திருங்கள்.

நாங்கள் பதிவாளர் முன் உட்காருவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்திருந்தோம். மகளுக்குச் சர்நேமாக என் பெயரை வைக்கவில்லை, என் அப்பாவின் பெயரையே வைத்தோம். இப்போது அவள் வகுப்பின் வருகைப்பதிவில் முத்துசாமி என்று வாசித்தவுடன் அடுத்து நெய்லர் என்று வரும். நெய்லர் என்றால் ஆணி செய்யும் கொல்லன்.