ட்ரையம்ஃப் டிஆர்4 ஓவர்டிரைவ் வயரிங்: என் அனுபவம்

ட்ரையம்ஃப் டிஆர்4 காரின் ஏ-டைப் லேகாக் ஓவர்டிரைவை (கியர்பாக்ஸோடு சேர்ந்த கூடுதல் வேக கியர் அமைப்பு) இயக்கும் சாலினாய்டுக்குள் (பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டை இழுக்கும் மின்காந்தம்) இரண்டு காயில்கள், அதாவது கம்பிச் சுருள்கள். இழுக்கும் காயில் கணநேரம் 15-20 ஆம்பியர் கேட்கும். பிளஞ்சர் முழுக்க நகர்ந்ததும் உள் காண்டாக்ட் அதைத் துண்டித்துவிடும். அப்புறம் பிடித்து வைக்க ஏறக்குறைய 1 ஆம்பியர் போதும். ஸ்டியரிங்கில் உள்ள ஓவர்டிரைவ் சுவிட்ச் இந்தச் சுமையைத் தாங்காது, ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) கட்டாயம்.

ரிலேயின் 30 என்ற எண்ணுள்ள முனைக்கு பியூஸ் வழியாக 2 சதுர மி.மீ. வயர், 87 முனை சாலினாய்டுக்கு. 86-இல் இக்னிஷன் சப்ளை கொடுத்து, 85-ஐ ஸ்டியரிங் சுவிட்ச், கியர்பாக்ஸ் இன்ஹிபிட்டர் சுவிட்ச் (உயர் கியர்களில் மட்டும் ஓவர்டிரைவை இயங்க விடுவது) வழியே எர்த் செய்தேன். பாசிட்டிவ் எர்த் காருக்கு (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது) டயோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் பாகம்) இல்லாத ரிலேயே நல்லது.

காயில் கருகினால் வயரிங்கை மட்டும் திட்டாதீர்கள். சாலினாய்டு இழுத்திருக்கும்போது அது நகர்த்தும் லீவரின் துளையும் ஓவர்டிரைவ் உறையின் துளையும் நேராக வந்து 3/16 அங்குலக் கம்பி நுழைய வேண்டும். நுழையாவிட்டால் பிளஞ்சர் கடைசிவரை போகவில்லை, இழுக்கும் காயில் அணையாது. இன்ஜின் போடாமல், டாப் கியரில் அம்மீட்டர் வைத்துப் பாருங்கள். முள் துள்ளி 1-க்கு இறங்காவிட்டால் உடனே இக்னிஷனை அணைத்துவிட்டு லீவரைச் சரிசெய்யுங்கள்.