சீசனுக்கு முன்பே டெக்சாஸ் ஆட்டங்களைக் குறித்துவைப்பது எப்படி? கல்லூரி ஃபுட்பாலுக்குப் புதியவர்களுக்கு

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் டாலஸ் பக்கத்து ஆபீஸ்களில் பேச்சே மாறிவிடும். அதுவரை மீட்டிங்கில் வாய் திறக்காத ஆள்கூட "செப்டம்பர் 12-க்கு ஓஹையோ ஸ்டேட் ஆஸ்டினுக்கு வருது, பார்த்தியா?" என்று ஆரம்பிப்பார். முதல் இரண்டு வருடம் நானும் சிரித்துத் தலையாட்டிச் சமாளித்தேன். மூன்றாவது வருடம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தத் தாள் போடும் விதத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். 2026 சீசனை வைத்தே செய்து பார்ப்போம்.

இது நம் ஊர்க் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால். ஆட்ட விதிகள் தெரிய வேண்டும் என்ற அவசியமில்லை. நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். மீதியை முதல் ஆட்டத்திலேயே பிடித்துக்கொள்வீர்கள். புதியவருக்கு உண்மையான திண்டாட்டம், எதைப் பார்ப்பது என்பதுதான். ஒரே சனிக்கிழமையில் காலை 11 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை ஏதாவது ஒரு ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும்.

வேண்டியவை: பெரிய தாள் ஒன்று, பேனா ஒன்று, பென்சில் ஒன்று. பேனாவும் பென்சிலும் எதற்குத் தனித்தனியாக என்பது ஆறாவது படியில் புரியும்.

படி 1: அணிகளை வரிசையாக எழுதுங்கள்

எஃப்.பி.எஸ். என்கிற மேல்மட்டத்தில் டெக்சாஸ் மாநிலத்துக்கு மட்டும் 13 அணிகள். கான்ஃபரன்ஸ் வாரியாக எழுதினால் குழப்பம் வராது. கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் விளையாடிப் பட்டம் கொடுத்துக்கொள்ளும் கூட்டணி.

எஸ்.இ.சி.யில் ஆஸ்டினின் லாங்ஹார்ன்ஸும் காலேஜ் ஸ்டேஷனின் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும். பிக் 12-ல் டெக்சாஸ் டெக், டி.சி.யு., பெய்லர், ஹூஸ்டன். ஏ.சி.சி.யில் எஸ்.எம்.யு. மட்டும். அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் ரைஸ், நார்த் டெக்சாஸ், சான் அன்டோனியோவின் யு.டி.எஸ்.ஏ. மூன்றும். கான்ஃபரன்ஸ் யு.எஸ்.ஏ.வில் சாம் ஹூஸ்டன். 2026-ல் இரண்டு அணிகள் வீடு மாறுகின்றன: டெக்சாஸ் ஸ்டேட் பேக்-12-க்கு, எல் பாஸோவின் யுடெப் மவுன்டன் வெஸ்டுக்கு. (எல் பாஸோவில் கடிகாரமே மற்ற ஊர்களைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். டிவி நேரம் பார்க்கும்போது ஞாபகம் இருக்கட்டும்.)

ஒரு எச்சரிக்கை. இங்கே யாராவது வெறுமனே "டெக்சாஸ்" என்று சொன்னால் அது மாநிலத்தை அல்ல, ஆஸ்டின் பல்கலைக்கழகத்தை. மற்ற 12 அணிக்காரர்களுக்கும் இதில் உள்ளூர எரிச்சல் உண்டு. வம்பே வேண்டாம் என்று நான் லாங்ஹார்ன்ஸ் என்றே எழுதுகிறேன்.

படி 2: ஒவ்வொரு அணிக்கும் 12 கட்டம்

வழக்கமான சீசனில் ஒரு அணிக்கு 12 ஆட்டம். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் வாரத்தோடு முடியும். அணியின் இணையதளத்தில் இருக்கும் ஷெட்யூலைப் பார்த்துக் கட்டங்களை நிரப்புங்கள்.

நிரப்பும்போது ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். கான்ஃபரன்ஸ் ஆட்டங்களைக் கூட்டணியே முடிவு செய்து கொடுத்துவிடும். எஸ்.இ.சி.யில் இதுவரை 8 ஆக இருந்தது, 2026 முதல் 9. மீதி மூன்றும் அணி தானே பேசி, பல வருடம் முன்பே ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொண்டவை. சொந்தமாகப் பேசி முடித்த ஆட்டத்துக்கு ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிகளில்தான் பணமும் வீம்பும் ஒளிந்திருக்கின்றன.

படி 3: இரண்டு பக்கமும் டெக்சாஸ் என்றால் வட்டம் போடுங்கள்

லாங்ஹார்ன்ஸ் வரிசையில் செப்டம்பர் 5 டெக்சாஸ் ஸ்டேட், செப்டம்பர் 19 யு.டி.எஸ்.ஏ. இரண்டுக்கும் வட்டம். நவம்பர் கடைசியில் ஏ அண்ட் எம். அதற்குப் பெரிய வட்டம்.

பிக் 12-ன் நான்கு டெக்சாஸ் அணிகளும் தங்களுக்குள் வருடாவருடம் மோதிக்கொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். 16 அணிக் கூட்டணியில் அதற்கு இடம் போதாது. கட்டாயமாக ஒவ்வொரு வருடமும் நடப்பது பெய்லருக்கும் டி.சி.யு.வுக்கும் மட்டும்தான்.

படி 4: பகை எழுதும் பத்தி

என் தாளிலேயே எனக்குப் பிடித்த இடம் இதுதான். வட்டம் போட்ட ஆட்டங்களுக்குப் பக்கத்தில் "ஏன் ஆகாது?" என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத ஒன்றுமே வரவில்லை என்றால் அது சாதாரண ஆட்டம். ஒரு வரியில் அடங்கவில்லை என்றால் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

லாங்ஹார்ன்ஸ் – ஏ அண்ட் எம் விவகாரம் ஒரு பக்கத்தில்கூட அடங்காது. பங்காளிச் சண்டை. 1894-ல் முதல் ஆட்டம். 1915-ல் ஏ அண்ட் எம் 13-0 என்று ஜெயித்தது. அடுத்த வருடம் லாங்ஹார்ன்ஸ் ஆட்கள் ஒரு காளையைத் தங்கள் அணியின் சின்னமாகக் கொண்டுவந்தார்கள். 1917-ல் ஏ அண்ட் எம் ஆட்கள் போய் அந்தக் காளையின் விலாவில் 13-0 என்று சூடு போட்டுவிட்டார்கள். கதை அங்கேயும் முடியவில்லை. 1920-ல் லாங்ஹார்ன்ஸ் ஆட்களே அந்தக் காளையை அறுத்து விருந்து வைத்தார்கள். அதற்கு ஏ அண்ட் எம் ஆட்களுக்கும் அழைப்பு! சூடு போட்ட தோலை அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்பினார்கள். சூட்டை மறைக்கத்தான் அதை "பீவோ" (BEVO) என்று மாற்றி எழுதி, காளைக்கும் அந்தப் பெயர் வந்தது என்று பலர் சொல்வார்கள். நம்பாதீர்கள், சூடு விழுவதற்கு முன்பே அந்தப் பெயர் வைத்தாகிவிட்டது.

இத்தனை பழைய சண்டை 2011-ல் நின்றுபோனது. ஏ அண்ட் எம் எஸ்.இ.சி.க்குப் போய்விட்டது, கடைசி நொடியில் ஜஸ்டின் டக்கர் உதைத்த ஃபீல்ட் கோலில் லாங்ஹார்ன்ஸ் 27-25 என்று ஜெயித்ததோடு சரி. 13 வருடம் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி இருந்தார்கள். பிறகு லாங்ஹார்ன்ஸும் அதே எஸ்.இ.சி.க்குப் போக, 2024-ல் மறுபடி ஆரம்பித்தது: லாங்ஹார்ன்ஸ் 17-7. 2025-ல் ஏ அண்ட் எம் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 11-0 என்று ஆஸ்டினுக்கு வந்தது, லாங்ஹார்ன்ஸ் 27-17. இரண்டு வருடமும் தோற்றவர்கள் 2026-ல் சொந்த மைதானமான கைல் ஃபீல்டில், லட்சம் பேருக்கு நடுவே காத்திருக்கிறார்கள். இதை எழுத எனக்குப் பென்சில் தேவைப்படவில்லை.

இதற்கு நேர்மாறான துக்கமும் உண்டு. டாலஸின் எஸ்.எம்.யு.வுக்கும் ஃபோர்ட் வொர்த்தின் டி.சி.யு.வுக்கும் 1915 முதல் சண்டை. பரிசு ஒரு இரும்பு வாணலி! டி.சி.யு.வின் சின்னம் கொம்பன் தவளை என்று இங்கே சொல்லிக்கொள்ளும் ஒரு பல்லியினம். எஸ்.எம்.யு. ரசிகர் ஒருவர் அவர்களைச் சீண்டத் தவளைக்கால் வறுத்ததில் வந்த பரிசு அது என்று சொல்வார்கள். அந்த ஒப்பந்தம் 2025-ஓடு முடிந்தது. கடைசி ஆட்டத்தில் டி.சி.யு. 35-24 என்று ஜெயித்து வாணலியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. புள்ளி வைத்த கட்டம் என்றால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஒரு தரப்பு "போதும்" என்றால் நூறு வருடப் பகையும் நின்றுவிடும்.

படி 5: புள்ளிக் கட்டங்களைப் பிரியுங்கள்

இவற்றில் மூன்று ரகம். முதலாவது, மொய்க்கு மொய்: இந்த வருடம் நான் உன் ஊருக்கு, அடுத்த வருடம் நீ என் ஊருக்கு. 2025-ல் லாங்ஹார்ன்ஸ் ஓஹையோவுக்குப் போய் 14-7 என்று தோற்றது. 2026 செப்டம்பர் 12 அந்த மொய் திரும்பி வரும் நாள்.

இரண்டாவது, யாருக்கும் சொந்தமில்லாத மைதானம். டி.சி.யு. தன் முதல் ஆட்டத்தை ஆகஸ்ட் 29 அன்று அயர்லாந்தின் டப்ளினில் நார்த் கரோலைனாவோடு ஆடுகிறது. தொழில்முறை ஃபுட்பாலில் ஆறு சூப்பர் பவுல் பட்டம் ஜெயித்த, இப்போது நார்த் கரோலைனாவின் பயிற்சியாளரான பில் பெலிச்சிக், கல்லூரி ஃபுட்பாலில் முதல் ஆட்டம் ஆடியது 2025-ல் இதே டி.சி.யு.வோடுதான். 48-14 என்று வாங்கிக்கட்டிக்கொண்டார். நாடு முழுக்க அதைப் பார்த்தது. அதனால் டப்ளின் ஆட்டத்துக்கும் பகைப் பத்தியில் ஒரு வரி உண்டு.

மூன்றாவது, கூலிக்கு அடி வாங்கும் ஆட்டம். பெரிய அணி பணம் கொடுத்துச் சின்ன அணியை அழைக்கும். சின்ன அணி தோற்றுவிட்டுச் செக்கோடு ஊர் திரும்பும். பெரும்பாலும் அப்படித்தான். 2022-ல் ஏ அண்ட் எம் 15 லட்சம் டாலர் கொடுத்து அப்பலேச்சியன் ஸ்டேட்டைக் கைல் ஃபீல்டுக்கு அழைத்தது. வந்தவர்கள் 17-14 என்று ஜெயித்துவிட்டு, செக்கையும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆக இந்த ரகத்தை மொத்தமாக அடித்துவிடாதீர்கள். தாளின் ஓரத்தில் சின்னதாகவாவது இருக்கட்டும்.

படி 6: ரேங்கிங் – பென்சிலால் மட்டும்

ஆகஸ்டில் ஏ.பி. பட்டியல் என்று ஒன்று வரும். நாட்டின் முதல் 25 அணிகள், பத்திரிகையாளர்கள் ஓட்டுப்போட்டது. புதியவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். முதல் வருடம் ரேங்கிங்கை நம்பி டிக்கெட் வாங்கி, இடைவேளைக்கு முன்பே ஆட்டம் முடிந்துபோய், பார்க்கிங்குக்குக் கொடுத்த காசை நினைத்துக்கொண்டு பாதியில் வீடு திரும்பினேன்.

2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லாங்ஹார்ன்ஸ் தன் சரித்திரத்திலேயே முதல் முறையாக சீசனுக்கு முந்தைய பட்டியலில் 1-ம் இடம். முதல் ஆட்டத்திலேயே தோல்வி. 9 வெற்றி, 3 தோல்வி என்று முடித்து, தேசியப் பட்டத்துக்காக 12 அணிகள் மோதும் பிளேஆஃபுக்கே போகவில்லை. அதே பட்டியலின் வால் பக்கத்தில் இருந்த டெக்சாஸ் டெக்தான் பிக் 12 பட்டத்தை ஜெயித்துப் பிளேஆஃபுக்குப் போனது.

பட்டியல் போடுகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வீரர்கள் இப்போது வருடாவருடம் பல்கலைக்கழகம் மாறலாம். பல்கலைக்கழகமே நேரடியாகப் பணமும் கொடுக்கலாம். ஜனவரியில் பாதி அணி போய், வேறு பாதி வந்திருக்கும். ஆகஸ்டில் யார் பலசாலி என்று யாருக்கும் தெரியாது. யாருக்கு யார் ஆகாது, எந்த ஊரில், எந்தத் தேதியில் என்பது மட்டும் தெரியும். தெரிந்ததைப் பேனாவால், மற்றதைப் பென்சிலால். அக்டோபர் முதல் வாரம் ரப்பரை எடுத்துக்கொண்டு மறுபடி உட்காருங்கள்.

படி 7: இடமும் பொழுதும்

நேரத்தைப் பேனாவால் எழுதாதீர்கள். எந்த ஆட்டத்தை எப்போது காட்டுவது என்று டிவிக்காரர்கள்தான் முடிவு செய்கிறார்கள். பல ஆட்டங்களுக்கு 12 நாள் முன்னால், சில சமயம் 6 நாள் முன்னால்தான் மணி தெரியும். செப்டம்பர் பகல் ஆட்டத்துக்கு நேரில் போகிறீர்கள் என்றால் தொப்பி, தண்ணீர். இந்த ஊர் வெயிலை நம் ஊர் வெயில் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரில் ஒரே ஒரு ஆட்டம் என்றால் நான் லாங்ஹார்ன்ஸ் – ஓக்லஹோமாவைத்தான் சொல்வேன். டாலஸில், ஸ்டேட் ஃபேர் திருவிழாவுக்கு நடுவே இருக்கும் காட்டன் பவுலில் நடக்கும். மைதானத்தின் நட்ட நடுக்கோட்டிலிருந்து ஒரு பாதி முழுக்க ஆரஞ்சு, மறுபாதி முழுக்கச் சிவப்பு. ஒவ்வொரு நல்ல ஆட்டத்துக்கும் பாதி மைதானம் எழுந்து கத்தும், மறுபாதி அப்படியே உறைந்து உட்கார்ந்திருக்கும். வெளியே வந்தால் 55 அடி உயரத்தில் பிக் டெக்ஸ் பொம்மை நின்று வணக்கம் சொல்லும்.

நம் ஆட்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த ஆட்டம் பெரும்பாலும் புரட்டாசிச் சனிக்கிழமையில் வந்து விழும். 2026-ல் அக்டோபர் 10. ஊர்க் காலண்டரில் அன்றைக்கு மகாளய அமாவாசையும் சேர்ந்துகொள்கிறது. திரும்பின பக்கமெல்லாம் கார்ன் டாக் (சோளமாவில் முக்கிப் பொரித்த இறைச்சி சாஸேஜ்) வாசனை அடிக்கும். வீட்டில் அனுமதி வாங்கிவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.

படி 8: ஏழு மட்டும்

தாளில் இப்போது வட்டம், புள்ளி, பகை எல்லாம் இருக்கும். அதிலிருந்து ஏழு ஆட்டங்களை மட்டும் எடுத்து போன் காலண்டரில் போடுங்கள். அதற்கு மேல் போட்டால் குடும்பத்தில் வேறொரு பகைப் பத்தி தொடங்கும். பேனா எழுத்து அதிகமாக இருக்கும் கட்டத்துக்கு முன்னுரிமை.

என் ஏழில் டப்ளின், ஓஹையோ ஸ்டேட், ஓக்லஹோமா, கைல் ஃபீல்ட், பெய்லர் – டி.சி.யு. ஐந்தும் நிச்சயம். ஆறாவதைக் காலியாக விட்டிருக்கிறேன். அக்டோபரில் எந்த அணி எழுந்து வருகிறதோ அதற்கு.

ஏழாவது, ஜெயிக்க வாய்ப்பே இல்லாத அணிக்காக எப்போதும் ஒதுக்கும் கட்டம். 1962 செப்டம்பர் 12 அன்று ஹூஸ்டனில் ரைஸ் ஸ்டேடியத்தில் நின்று நிலவுக்குப் போவோம் என்று ஜனாதிபதி கென்னடி பேசினார் இல்லையா? ஏன் நிலவுக்கு, ஏன் உயர்ந்த மலை மேல் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "ரைஸ் ஏன் டெக்சாஸோடு விளையாடுகிறது?" என்றும் கேட்டார். அந்த சீசனிலேயே ரைஸ், நாட்டின் முதலிடத்தில் இருந்த லாங்ஹார்ன்ஸோடு 14-14 என்று சமன் செய்தது.

2026-ல் ரைஸ் ஆஸ்டினுக்கு வரவில்லை. அந்த வேலையைப் பார்க்க யு.டி.எஸ்.ஏ. வருகிறது, ஓஹையோ ஸ்டேட் வந்துபோன அடுத்த வாரமே, லாங்ஹார்ன்ஸ் களைத்தோ மிதப்பிலோ இருக்கும் வாரத்தில். செப்டம்பர் 19. பேனாவால்தான் எழுதியிருக்கிறேன்.